சுண்ணாம்பு படிந்த வளைவுகள்

கேத் லேப் மேசையில் படுத்திருப்பவருக்கு டை ஏற்றுவதற்கு முன்னாலேயே எங்கள் கண்ணில் படுவது கால்சியம். சி-ஆர்மை மார்புக்கு மேல் கொண்டுவந்து ஃப்ளூரோவை மிதித்ததும், முதுகெலும்புக்குப் பக்கத்தில் மங்கலான கருங்கோடு ஒன்று துடிப்புக்குத் துடிப்பு ஆடுவது திரையில் தெரியும். எலும்பு அப்படித் துடிப்போடு ஆடாது. அந்தக் கோட்டைப் பார்த்தால் டாக்டர் வாய் திறக்கும் முன்பே கால்சியத்தை அரைக்கும் ரோட்டா மெஷினின் சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று நான் பார்த்துவைத்துவிடுவேன். வளைவு இப்படி முன்கூட்டிச் சேதி சொல்லாது. ரத்தக்குழாய் நேராகப் போகிறதா, நெளிந்து நெளிந்து போகிறதா என்பது டை உள்ளே ஓடிய பிறகுதான் தெரியும்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் கேத் லேப்பில் நான் டெக்னீஷியன். கதீட்டரைப் பிடிப்பது டாக்டரின் கை. எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் வளைவு விரிந்து தெரியும் என்று பார்த்து மெஷினைத் திருப்புவது, ஒயரும் பலூனும் எடுத்துக் கொடுப்பது, படங்களை அளந்து ரிப்போர்ட்டில் ஏற்றுவது என் வேலை. அந்த ரிப்போர்ட்டில் ‘டார்ச்சுவஸ்’, ‘கால்சிஃபைடு’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்துவிட்டால், வெளியே காத்திருக்கும் குடும்பம் என்னைப் பிடித்துக்கொள்ளும். “குழாய் முறுக்கிக்கிட்டுக் கெடக்காமே தாயி, அந்த வளைவுல போய்த்தான் சுண்ணாம்பு அடையுதா?” இது அறியாமையில் கேட்கிற கேள்வி அல்ல. இதய மருத்துவர்களே இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிற கேள்வி. வருஷக்கணக்கில் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு பதில் உருவாகியிருக்கிறது.

முதலில் வளைவு. இதயத்தின் மேல் ஓடும் குழாய் யாருக்குமே நூல் பிடித்த மாதிரி நேராக இராது. இதயம் சுருங்கும்போது குழாய் நெளியும், விரியும்போது கொஞ்சம் நிமிரும். ஒரே குழாயில் அடுத்தடுத்து மூன்று வளைவுகளாவது இருந்து, ஒவ்வொன்றும் 45 டிகிரிக்கு மேல் திரும்பினால்தான் பெரும்பாலும் டார்ச்சுவஸ் என்று எழுதுகிறோம். இதயம் முழுக்க விரிந்து நிற்கும் கட்டத்திலும் அந்த வளைவு இருக்க வேண்டும். சுருங்கும்போது மட்டும் தெரிவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

யாருக்கு இது அதிகம் என்றால் வயதானவர்களுக்கு, பெண்களுக்கு, பல வருஷமாக பி.பி. உள்ளவர்களுக்கு. காரணம் குழாயின் சுவரிலேயே இருக்கிறது. எலாஸ்டின் என்ற மீள்நாரை உடம்பு இளம் வயதிலேயே உண்டாக்கி முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு தேய்வதும் அறுவதும்தான், புதிதாக வருவது ஏறக்குறைய இல்லை. நார் தளர்ந்த குழாயை அதிக அழுத்தம் நாளெல்லாம் இழுத்தால் அது நீளும். ஆனால் அதன் ஒரு முனை அயோர்டாவில், மற்ற முனை இதயத் தசைக்குள். இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ள குழாய் நீண்டால் பக்கவாட்டில் வளைவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தில் ஹாய்-சாவ் ஹான் என்ற பொறியியல் பேராசிரியர் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவர். ரத்தக்குழாயை இரு முனையிலும் பிடித்து உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது சட்டென்று வளைந்துவிடுகிறது.

இதயத்துக்குப் போய்ச் சேரும் முன்பே இந்த நெளிவை நாங்கள் ஊகித்துவிடுவதும் உண்டு. வலது மணிக்கட்டு வழியாக ஒயரை ஏற்றும்போது தோள்பட்டைக்குப் பக்கத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது தப்பான பக்கம் இறங்கும். அங்கே இருக்கும் பெரிய குழாயும் பி.பி.யால் நீண்டு சுருண்டிருக்கும். “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கம்மா” என்போம். நெஞ்சு விரிந்து உதரவிதானம் கீழே இறங்க, சுருள் சற்றே நிமிர்ந்து ஒயர் நழுவி இதயத்தின் பக்கம் இறங்கிவிடும். தோளில் அப்படி மக்கர் செய்தவர்களுக்கு இதயத்திலும் வளைவுகளை எதிர்பார்த்தே நான் ட்ராலியை அடுக்குகிறேன். பெரும்பாலும் அது வீண்போவதில்லை.

வளைவு மட்டும் இருந்தால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். நெளிநெளியான குழாயில் ஒரு அடைப்பும் இல்லாமல் டை அடி வரைக்கும் தங்குதடையின்றி ஓடுவதை வாரந்தோறும் பார்க்கிறோம். மிகக் கடுமையான நெளிவு உள்ள பெண்களில் சிலருக்குக் குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது உண்டு. கொழுப்பும் கால்சியமும் இல்லாத அந்தக் குழாயைக் கதீட்டரால் அழுத்தித் தொட்டாலே கிழிசல் கூடிவிடும். அதனால் சின்ன வயதுப் பெண் நெஞ்சுவலியோடு வந்து, படத்தில் சுருள் சுருளாகக் குழாய் தெரிந்தால் அறையில் எல்லோருமே நிதானமாகிவிடுவோம்.

அடுத்தது கால்சியம். இதைப் பற்றி ஜனங்களிடம் இருக்கும் தப்பான எண்ணம் கொஞ்சநஞ்சம் அல்ல. கால்சியம் ஸ்கோர் 300 என்று கையில் காகிதம் வந்ததும் பாலை நிறுத்தியவர்கள், தயிரை நிறுத்தியவர்கள், எலும்புத் தேய்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். குழாய்ச் சுவரில் உள்ள கால்சியம் டம்ளரிலிருந்து நேரே போய் ஒட்டிக்கொள்வது இல்லை. சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து அழற்சி உண்டாகும்போது, அங்குள்ள தசைச் செல்கள் எலும்பை உண்டாக்கும் செல்களின் குணத்தை எடுத்துக்கொள்கின்றன. எலும்பு வளர்வதற்கான புரதம் ஒன்று ரத்தக்குழாய் அடைப்புக்குள்ளேயே இருப்பதை லாஸ் ஏஞ்சல்ஸில் லிண்டா டெமர் குழு 1993-ல் காட்டியது. ஆக, அது நீண்ட நாள் புண் ஆறிய இடத்தில் உடம்பே கட்டிவைத்த எலும்பு. பாலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் எகிப்து, பெரு முதலான இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. எடுத்துப் பார்த்தபோது 47-ல் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டதன் அடையாளம் இருந்தது. இது நம் காலத்தில் புதிதாக முளைத்த வியாதியும் இல்லை.

ஸ்கோர் என்ற எண்ணை 1990-ல் கொண்டுவந்தவர் ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர். டை இல்லாமல் எடுத்த சி.டி.யில், 130 அலகுக்கு மேல் அடர்த்தியுள்ள ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் எடுத்து, அடர்த்திக்கு ஏற்ப ஒன்றிலிருந்து நான்கு வரை ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டுவதுதான் கணக்கு. பூஜ்யம் என்றால் நல்ல செய்தி. நூறைத் தாண்டினால் கொழுப்பு மாத்திரையைப் பற்றி டாக்டர் பேசத் தொடங்குவார். 400-க்கு மேல் என்றால் விளையாட்டல்ல. ஆனால் அந்த எண் எங்கே அடைப்பு, எவ்வளவு அடைப்பு என்று சொல்லாது. குழாயின் வளைவைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மென்மையான கொழுப்பு இறுகிக் கெட்டியாவதால் ஸ்கோர் ஏறவே செய்யும். மறுவருஷம் திரும்ப ஸ்கேன் எடுத்து, எண் கூடிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

இனி அந்தக் கேள்வி. வளைவில் கால்சியம் போய்ச் சேருகிறதா? ரத்த ஓட்டத்தின் கணக்கைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் தோன்றும். வளைவின் வெளிப்பக்கச் சுவரை ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு போகிறது. உள்பக்கத்தில் வேகம் குறைகிறது. உரசல் குறைந்த இடத்தில் உட்சுவர்ச் செல்கள் நோஞ்சானாகிக் கொழுப்பை உள்ளே விடுகின்றன. கொழுப்பு சேர்ந்தால் நாளடைவில் கால்சியம் வரும்.

படங்களோ வேறு கதை சொல்கின்றன. ஆஞ்சியோ படங்களை வைத்துச் செய்த சில ஆய்வுகளில், நெளிவு அதிகம் உள்ளவர்களுக்குப் பெரிய அடைப்பு குறைவாகவே இருந்தது. சி.டி. ஸ்கோரை வைத்துப் பார்த்தவர்களில் சிலர், நெளிவும் கால்சியமும் சேர்ந்தே கூடுவதைக் கண்டார்கள். இரண்டையும் நான் நம்புகிறேன். ஏனென்றால் எங்கள் திரையிலும் இரண்டும் தெரிகிறது. கால்சியத்துக்குப் பிடித்த இடம் குழாய் தொடங்கும் முதல் சில சென்டிமீட்டர்களும் கிளை பிரியும் முக்குகளும். நெளிவு பெரும்பாலும் நடுப்பகுதிக்குக் கீழே, கடைசி வரை. ஒரே குழாயில் இரண்டும் இருந்தாலும், ஒன்று மேலே உட்கார்ந்திருக்கிறது, மற்றது கீழே. ஒன்று மற்றதைப் பெற்றெடுத்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? வயதும் பி.பி.யும் தனித்தனியாக இரண்டையும் உண்டாக்குகின்றன என்பதுதான் என் முடிவு. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களை 2017-ல் ஆராய்ந்தபோது, சோதிக்கப்பட்ட பெரியவர்களில் 85 சதவீதம் பேருக்குக் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். அவர்களுக்கு பி.பி.யும் கெட்ட கொழுப்பும் குறைவு, நாள் முழுக்க நடையும் உழைப்பும். வளைவைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை என்றாலும், அழுத்தம் குறைந்தால் குழாய்ச் சுவர் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

இரண்டும் ஒரே இடத்தில் கூடிவிட்டால்தான் எங்களுக்குக் கஷ்டகாலம். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆந்திரியாஸ் குரூன்ட்சிக் முதல் பலூன் சிகிச்சை செய்தபோது, அவர் இதற்கு ஏற்றது என்று தேர்ந்தெடுத்தது குழாயின் மேல்பகுதியில் உள்ள, குட்டையான, கால்சியம் இல்லாத அடைப்பை. 1988-ல் அமெரிக்க இதய அமைப்புகள் அடைப்புகளை ஏ, பி, சி என்று வகை பிரித்தன. 45 டிகிரிக்குள் வளைவு, கால்சியம் இல்லை அல்லது கொஞ்சம் என்றால் ஏ. வளைவு 45-லிருந்து 90 வரை போனாலும், கால்சியம் கூடினாலும் பி. 90-ஐத் தாண்டினால் சி. குழாயில் கருவி போவதை எவை தடுக்கும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது சும்மா இல்லை. வளைவு மட்டும் என்றால் ஒயர் போனதும் குழாய் இணங்கி வரும். கால்சியம் மட்டும் என்றால் அரைக்கலாம், உடைக்கலாம். கால்சியம் ஏறிய வளைவு இணங்காது, அரைக்கவும் விடாது.

திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுபதை நெருங்கும் ஓர் அம்மா வந்திருந்தார். நாலு படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. பி.பி. மாத்திரை பல வருஷமாக உண்டு. “தல சுத்துனா போட்டுக்குவேன் தாயி” என்றார். வலது கரோனரி குழாய் பிறந்த இடத்திலிருந்து கீழே இறங்காமல் மேலே ஏறி, உச்சியில் சட்டென்று திரும்பிக் கீழே விழுந்தது. ஷெப்பர்ட்ஸ் க்ரூக் என்று இதற்குப் பெயர், பிறவியிலேயே அமைவது. சரியாக அந்த உச்சித் திருப்பத்தில் அடைப்பு. டை ஏற்றும் முன்பே அந்த இடத்தில் கருங்கோடு அரைவட்டமாக ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

சாதாரண ஒயர் உச்சியில் மடங்கி மடங்கித் திரும்பி வந்தது. மைக்ரோ கதீட்டரைத் துணைக்கு வைத்து வழுக்கும் பூச்சுள்ள ஒயரால் டாக்டர் தாண்டிவிட்டார். அடுத்து பலூன். அதை உள்ளே தள்ளினால் கைடு கதீட்டர் பின்வாங்கி அயோர்டாவில் வந்து விழும். கைடு எக்ஸ்டென்ஷனை உள்ளே இறக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் பலூனை எப்படியோ நுழைத்து 14 அட்மாஸ்பியர் வரை ஊதினோம். இரண்டு பக்கமும் உப்பியது, நடுவில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி அப்படியே நின்றது. குழாய்க்குள்ளிருந்தே படம் எடுக்கும் ஓ.சி.டி. கதீட்டரை இழுத்துப் பார்த்தால் குழாயைச் சுற்றி முழு வட்டமாகக் கால்சியம். எங்கள் கணக்கில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு, 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், பாதி வட்டத்துக்கு மேல் சுற்று என்ற மூன்றும் சேர்ந்தால் ஸ்டென்ட் விரியாது. இந்த அம்மாவுக்கு மூன்றும் தாண்டியிருந்தது.

ரோட்டாவால் அரைப்பதா, லித்தோட்ரிப்ஸியால் உடைப்பதா என்று டாக்டர் இரண்டு நிமிஷம் படத்தைப் பார்த்தபடி நின்றார். ரோட்டாவின் பர் என்பது பொடி வைரம் பதித்த குட்டி முனை. நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அது கெட்டியானதைத்தான் அரைக்கும், மென்மையான சுவர் விலகிக்கொடுக்கும் என்பது அதன் தத்துவம். நேரான குழாயில் இது அருமையாக வேலை செய்யும். ஓட்டும்போது சுற்று எண்ணை நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன். எண் ஐயாயிரம் இறங்கினாலும் டாக்டர் உடனே பின்னுக்கு இழுத்துவிடுவார். வளைவிலோ ஒயர் குழாயின் நடுவில் நிற்பதில்லை, உள்பக்கச் சுவரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். பர் அந்த ஒயரின் மேல்தான் போயாக வேண்டும். அங்கே கால்சியம் இருந்தால் சரி, இல்லையென்றால் நல்ல சுவரைக் குடைந்துகொண்டு வெளியே போய்விடும். “இந்தத் திருப்பத்துல பர்ர ஓட்ட வேண்டாம்” என்றார் டாக்டர். அந்த ஒரு தீர்மானத்துக்குப் பின்னால் எத்தனை வருஷப் படிப்பு இருக்கிறது என்பது பக்கத்தில் நிற்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

லித்தோட்ரிப்ஸி பலூன் விலை பெரிது. டாக்டரே வெளியே போய் மகளிடம் விளக்கிச் சம்மதம் வாங்கி வந்தார். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலைத் தத்துவத்தை இதயக் குழாய்க்குள் கொண்டுபோகிற பலூன் இது. குறைந்த அழுத்தத்தில், 4 அட்மாஸ்பியரில், சுவரைத் தொடுமளவு ஊதிவிட்டு பட்டனை அழுத்தினால் விநாடிக்கு ஒன்றாகப் பத்து அதிர்வுகள். மானிட்டரில் ஒவ்வோர் அதிர்வுக்கும் இதயம் ஒரு துடிப்பைக் கூட்டிக்கொண்டதும், புதிதாக வந்த நர்ஸ் திடுக்கிட்டுப் பார்த்தார். அது வழக்கம்தான் என்று சொன்னேன். முதல் இரண்டு சுற்றுகளில் இடுப்பு அசையவில்லை. மூன்றாவது சுற்றின் நடுவில், சத்தமும் இல்லாமல் சாடையும் இல்லாமல் பலூன் முழு உருளையாக விரிந்தது. சுவர் கிழியவில்லை, கால்சியம்தான் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தது. பிறகு ஸ்டென்ட். அது உச்சியில் ஒரு நிமிஷம் தயங்க, “மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா” என்றேன். இதயம் கீழே இறங்க, வளைவு கொஞ்சம் நிமிர, ஸ்டென்ட் போய்ச் சேர்ந்தது.

ஸ்டென்ட்டை விரித்து டை ஏற்றினால், அதற்குக் கீழே இதற்கு முன் இல்லாத இரண்டு அடைப்புகள்! பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் பதறி, “கிழிஞ்சிருச்சா சார், இன்னொரு ஸ்டென்ட் எடுக்கவா?” என்றார். சீனியர் நைட்ரோகிளிசரின் கொடுத்துப் பார்த்தார். இறுக்கத்தால் சுருங்கியிருந்தால் விரிந்திருக்கும். அசையவில்லை. பிறகு ஒயரை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அதன் கெட்டியான பகுதி வளைவுகளை விட்டு வெளியே வந்து மென்மையான நுனி மட்டும் அங்கே இருக்கும்படி வைத்துவிட்டு, திரும்ப டை ஏற்றச் சொன்னார். இரண்டு அடைப்பும் காணோம். நெளிந்து கிடந்த குழாய்க்குள் விறைப்பான ஒயர் போய் அதை நேராக்கும்போது, நீளம் அதிகமுள்ள சுவர் நாடா இழுத்த பாவாடை மாதிரி அங்கங்கே கொசுவிக்கொள்கிறது. படத்தில் அது அச்சு அசலாக அடைப்பு மாதிரியே தெரியும். அதை நம்பி ஸ்டென்ட் வைத்தால், நல்ல குழாயில் வாழ்நாள் முழுவதற்கும் ஓர் உலோகச் சுருளை வைத்ததாகிவிடும். அதிலும் வளைந்து நிமிர்ந்து ஆடும் முக்கில் வைத்த ஸ்டென்ட் பின்னால் ஒடிவதும் உண்டு. இதயம் ஒரு நாளில் லட்சம் தடவை அந்த முக்கை மடக்கி நிமிர்த்துகிறது.

கால்சியம் இருந்த இடத்தில் ஒயர் குழாயை இப்படி நிமிர்த்த முடியவில்லை என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். உச்சித் திருப்பம் உச்சித் திருப்பமாகவே இருந்தது. சுருங்கியதும் விரிந்ததும் அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள மென்மையான பகுதிகள்தான். வளைவைக் கால்சியம் உண்டாக்குவதில்லை, ஆனால் இருக்கிற வளைவை அப்படியே நிறுத்திவைத்துவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள உறவு என்று கேட்டால் என் கண்ணால் கண்டு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

மறுநாள் வார்டில் மகள் என்னிடம் வந்தார். நாற்பதுகளில் இருப்பவர். “அக்கா, அம்மாவுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் கொழாய் வளஞ்சிருக்குமா? ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமா?” மேலே ஏறித் திரும்பும் அந்தப் பிறவி வளைவை இப்போது தேடிப்போக வேண்டாம், வலி இல்லாதவருக்கு அதனால் ஒன்றும் இல்லை என்றேன். கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள் என்று கேட்டேன். பிரசவத்தின்போது என்றார். மகனுக்கு இப்போது காலேஜ். அங்கேயே நர்ஸைக் கூப்பிட்டுப் பட்டையைக் கட்டச் சொன்னேன். 154-க்கு 96. ஐந்து நிமிஷம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தபோதும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கே ஓ.பி.யில் சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கவைத்தோம். மாத்திரை எழுதிக்கொடுத்தார். தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் தினமும் போட வேண்டும் என்று, அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து, நான் இரண்டு தடவை சொன்னேன்.